கிரேனை விட்டு இறங்காத பகல்

போன வாரம் ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். "குடும்பத்தோடு படிக்கிற தொடரில், ஒரு பெண்மணி அடிக்கடி பாத்ரூம் போவதைப் பற்றியே இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார்.

கிடைக்காமல் இல்லை, அம்மா. ஆனால் குடும்பம் என்று இருந்தால் பாத்ரூம் என்று ஒன்று இருக்கும். அதன் கதவை யாராவது தட்டிக்கொண்டும் இருப்பார்கள். நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே படியுங்கள். இன்றைக்கு மட்டும் நடுவில் எழுந்து போகாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சி அக்கா கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். எல்லோர் தலைக்கும் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது. கணவர் தையற்காரர். மகன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான். மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கணவரின் தம்பியும் கிரேன்காரர்தான். அண்ணி ஏறாத நாளில் கொழுந்தன் ஏறுவார்.

சில மாதங்களாக அக்காவுக்கு அரை மணிக்கு ஒரு தரம் முட்டிக்கொண்டு வந்தது. ஏறி உட்கார்ந்து இரண்டு பாரம் தூக்குவதற்குள் கீழே இறங்க வேண்டும். ஒருநாள் ஏணியில் பாதி இறங்கும்போதே அடக்க முடியாமல் போயிற்று. கீழே நின்றுகொண்டிருந்த கொழுந்தன் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா என்றால் இல்லை, பொறியாளரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லை. அவமானம் என்றால் என்னவென்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். நாத்தனார் சர்க்கரை வியாதிதான் என்று தீர்ப்புச் சொல்லி, அக்காவின் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரி உடம்புச் சூடு என்றாள். தையற்காரர், "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். மருமகள்தான் யாரையும் கேட்காமல் மாமியாரின் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்தார். சர்க்கரை இல்லை. கிருமி இல்லை. கல்லும் இல்லை. கர்ப்பப்பை இறங்கவும் இல்லை. நீர் பிரிய வைக்கிற மாத்திரை எதையும் அக்கா சாப்பிடவில்லை. பிறகு டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலை நாளில் என்னென்ன குடிப்பீர்கள், எப்போதெல்லாம் போவீர்கள் என்று கேட்டார். குட்டு உடைந்தது அங்கேதான்.

கிரேன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏறிவிட்டால் நினைத்த நேரத்துக்கு இறங்க முடியாது. அதனால் ஏறுவதற்கு முன், வருகிறதோ இல்லையோ, எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவார்கள். ஏணி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை போவார்கள். அக்கா இதை வருஷக்கணக்காகச் செய்தவர். அதோடு வேலை நாளில் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். கண் அசந்துவிடக் கூடாதே என்று ஃபிளாஸ்க் நிறையக் கறுப்புக் காப்பி மட்டும் மேலே போகும்.

"உங்க மூத்திரப்பைக்கு நீங்களே கெட்ட பழக்கம் கத்துக் குடுத்திருக்கீங்க," என்றார் டாக்டரம்மா. "நிறையறதுக்கு முன்னாடியே காலி பண்ணிக் காலி பண்ணி, கொஞ்சம் சேர்ந்தாலே அது கூப்பாடு போடுது. தண்ணி குடிக்காததால நீர் கெட்டியாகி அதை உறுத்துது. காப்பி வேற போய் உசுப்பி விடுது."

"அப்ப தண்ணியைக் குறைச்சது தப்பா?"

"உங்க விஷயத்துல தப்பு. அளவாக் குடிக்கணும். பையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். மருந்தை விடப் பிடிவாதம்தான் இதுக்கு வேணும். அது உங்ககிட்ட இருக்கா?"

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாளே, அதுதான் பதில். ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு நீங்களாக உங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளாதீர்கள். அக்காவின் காரணம் அக்காவுக்கு. உங்கள் காரணம் வேறாக இருக்கலாம்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

ஆற்றின் இரண்டு கரையிலிருந்தும் புதிய நடைபாலம் நீண்டு வந்து, நடுவில் இடைவெளி விட்டு நிற்கிறது. அந்த இடைவெளியில் உட்கார வேண்டிய இரும்புத் துண்டை இன்று ஆற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்து இறக்க வேண்டும். கொக்கியில் பாரம் தொங்கும்போது கிரேன்காரர் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்தத் தொழிலில் அதற்கு மேல் சட்டம் கிடையாது.

பொறியாளர் நல்ல மனிதர்தான். ஆனால் நேற்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். இன்று அக்கா பாரத்தை முழுதாக இறக்கி முடித்தால், அடுத்த வேலையிலும் கூண்டு அவருக்கே. முடியாது என்று நடுவில் சொன்னால் நாளை முதல் ஸ்டோரில் நாற்காலி, கூண்டு கொழுந்தனுக்கு. "ஸ்டோர்ல ஃபேன் இருக்கு அக்கா. பாத்ரூமும் பக்கத்துலயே இருக்கு," என்று ஆறுதல் வேறு சொன்னார். அந்த ஆறுதல்தான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

காலையில் வீட்டுப் பாத்ரூம் கதவுக்கு வெளியே மருமகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, உள்ள என்ன பண்றீங்க?"

"இது என்னடி கேள்வி?"

"இப்பதானே போயிட்டு வந்தீங்க. வருதா, இல்லை எதுக்கும் போறீங்களா?"

உள்ளே குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"வந்தாப் போங்க. எதுக்கும்னா வெளிய வாங்க."

தாழ்ப்பாள் திறந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே சமையலறைக்குள் ஒளிந்துகொண்டவள் இந்த மருமகள். ஒன்றரை மாதமாக அவள்தான் இந்தக் கதவுக்குக் காவல். முதல் வாரம் இரண்டு பேருக்கும் நடந்த வாய்ச்சண்டையை எழுதினால் ஆசிரியர் என் தொடரை நிறுத்திவிடுவார். அடக்கு, இன்னும் கொஞ்சம் பொறு, இப்போது போ என்று தள்ளித் தள்ளி, அரை மணி ஒரு மணியாகி, ஒரு மணி இரண்டாகி, போன வாரம் அதற்கும் மேலே போயிற்று. ஆனால் அதெல்லாம் வீட்டில், தரையில், பத்தடியில் பாத்ரூமை வைத்துக்கொண்டு.

மருமகள் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ஒரே மூச்சுல குடிக்காதீங்க. தாகத்துக்கு வாய் வாயாக் குடிங்க. ஃபிளாஸ்க் வீட்லயே இருக்கட்டும்."

"கூண்டுக்குத் தண்ணி எடுத்துட்டுப் போறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்." பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தவர் சட்டென்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இன்னைக்கு முடியாமப் போச்சுன்னா?"

"முடியாமப் போனா ஸ்டோர்ல உட்கார்ந்து ஃபேன் காத்து வாங்குவீங்க."

"அடிப்போடி."

"முடியும் அத்தை. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பார்த்துப் போ," என்பதோடு நிறுத்திக்கொண்டார். அக்காவும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் பேசுவதற்குப் பதிலாகத் தைத்துவிடுவார். அக்கா போட்டிருந்த வேலைச் சட்டையின் தோளில் அவர் போன வாரம் இரட்டைத் தையல் போட்டிருந்தார், கேட்காமலே.

கிரேனின் அடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அக்காவுக்கு அங்கே வந்ததும் உண்மையாகவே வந்தது. போனார், நிதானமாக முடித்துக்கொண்டு வந்தார். ஏணியில் கை வைக்கும்போது கொழுந்தன் பெரிய கோப்பைக் காப்பியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணி, எதுக்கும் இன்னொரு தடவை போயிட்டு வந்துடுங்க."

இதை அவர் அக்கறையில் சொன்னாரா, குத்திக்காட்டச் சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு எல்லார் மனசும் தெரியும் என்று யார் சொன்னது? சுற்றி நின்ற ஆட்கள் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வந்தாப் போவேன் தம்பி. இப்ப வரல," என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. மாதங்களுக்குப் பிறகு அவர் கொழுந்தனோடு பேசிய முதல் வார்த்தை இதுதான். சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை ஆண்களுக்கு நடுவில் இந்த விஷயத்தைக் குரலைத் தாழ்த்தாமல் பேசியது அதுவே முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஏறினார்.

கூண்டுக்குள் ஒரு நாற்காலியும் இரண்டு பக்கமும் லீவர்களும்தான். காலடியிலும் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் நேர் கீழே ஆறு. அக்கா பாட்டிலை இருக்கைக்குப் பக்கத்தில் செருகி வைத்து, வாக்கி டாக்கியைத் தட்டிப் பார்த்து, கொக்கியை இறக்கினார்.

பாரம் தரையை விட்டு எழும்பும் அந்த நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் அக்கா இந்த வேலையில் இருக்கிறார். கம்பிவடம் இறுகி, கிரேன் உடம்பு லேசாக முனகி, அவ்வளவு பெரிய இரும்பு மெல்ல மண்ணிலிருந்து பிரியும். அதைக் கையில் உணர்ந்தவர்கள் ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்குரூ எண்ண முடியாது.

காற்று சும்மா இருக்கவில்லை. பாரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை வீசியது. இரண்டு தடவையும் நிறுத்திப் பிடித்துக் காத்திருந்து, அப்புறம் நகர்த்த வேண்டியதாயிற்று. அக்கா வாய் வாயாகத் தண்ணீர் குடித்தார். துண்டு இடைவெளிக்கு நேர் மேலே வந்து இறங்கத் தொடங்கியபோது சூரியன் தலைக்கு மேலே இருந்தது.

ஒரு பக்கம் உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் உட்கார மறுத்தது.

"நிறுத்துங்க அக்கா," என்றது பொறியாளரின் குரல். "ஒரு விரல் கனம் இடிக்குது. வெயில்ல இரும்பு நீண்டுடுச்சு. காலையிலயே இறக்கியிருந்தா ஒழுங்கா உட்கார்ந்திருக்கும். அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க. தண்ணி அடிச்சுக் குளிர வைக்கணும்."

பக்கத்து வீட்டுக்காரி சொன்ன சூடு கடைசியில் இரும்புக்குத்தான் வந்து சேர்ந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"தெரியலை அக்கா. ஆகும்."

கீழே பம்ப் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் தடித்த குழாய்களை இழுத்து வந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் வெள்ளையாகப் பீய்ச்சி அடித்தது. இரும்பில் பட்டு, வழிந்து, சொட்டி, சலசலவென்று திரும்ப ஆற்றில் விழுந்தது. அக்காவின் இரண்டு பாதத்துக்கும் நடுவே, கண்ணாடிக்குக் கீழே, எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

குழாயைத் திறந்தாலே கால்களைப் பின்னிக்கொள்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கையைத் தூக்க வேண்டாம். அக்காவின் நிலைமை மட்டும் உங்களுக்குப் புரிந்தால் போதும்.

வந்துவிட்டது.

அடிவயிற்றில் முதலில் ஒரு கிள்ளல். பிறகு அது திரண்டது. பிறகு உடம்பு முழுவதும் அது ஒன்றே இருந்தது. அக்காவுக்கு ஏணி நினைவுக்கு வந்தது, ஈரமாகிப்போன கால்சட்டை நினைவுக்கு வந்தது, அண்ணாந்து பார்த்த கொழுந்தனின் முகம் நினைவுக்கு வந்தது. பயத்தில் வியர்த்தது. பாரம் மட்டும் அசையவில்லை. கை அதன் வேலையை விடவில்லை.

அவசரம் ஏறும்போது ஓடாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது ஏறும், அப்புறம் தானாக இறங்கும். ஏறுகிற நேரத்தில் ஓடினால்தான் கொட்டிவிடும். அசையாமல் உட்காருங்கள். கீழே இறுக்கிப் பிடித்துப் பிறகு தளர்த்துங்கள், திரும்ப இறுக்குங்கள். கால் விரல்களை மடக்குங்கள். மனசை வேறு எதிலாவது கட்டிப் போடுங்கள்.

அக்கா இறுக்கினார். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கினார். மனசைக் கட்டிப் போட அவருக்கு ஒரு இடம் இருந்தது. தையற்காரர் துணி வெட்டும்போது அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெட்டுவார். கேட்டுக் கேட்டு ஊரில் பாதிப்பேரின் உடம்பு அக்காவுக்கு மனப்பாடம்.

பொறியாளர் சார். இடுப்பு நாற்பத்திரண்டு. போன வருஷம் நாற்பது. முதுகு அகலம் பதினெட்டரை. மருந்துக் கடை முதலாளி, இடுப்பு முப்பத்தாறு, ஆனால் முப்பத்துநாலு என்று எழுதச் சொல்லிச் சண்டை போடுவார். கொழுந்தன், தோள் பதினேழு. இடது தோள் கொஞ்சம் இறக்கம், சின்ன வயசில் மரத்திலிருந்து விழுந்தது. அப்போது தூக்கிக்கொண்டு ஓடியது அவன் அண்ணன்.

எந்த இடத்தில் என்று தெரியவில்லை. நாலாவது ஆளா, ஐந்தாவது ஆளா. திரண்டு நின்றது தளர்ந்தது. தளர்ந்து பின்னால் போயிற்று. அக்கா மூச்சை விட்டார். அது போய்விட்டதா என்று உடம்பையே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். போய்விட்டது. கண் கலங்கியது. பாரம் மங்கலாகத் தெரியக் கூடாதே என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அந்தக் கூண்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

கரையில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் கூடிவிட்டது. மருமகள் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தையற்காரர் கடையில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்றார்.

"ஏதோ இடிக்குதாம் மாமா."

"அதுக்கு எதுக்குத் தண்ணி அடிக்கறாங்க? அறிவு வேண்டாம்? மேல ஒருத்தி உட்கார்ந்திருக்கா. இதைப் பார்த்துக்கிட்டே இருந்தா அவளுக்கு என்ன ஆகும்? நானா இருந்தா…" என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். நாடாவின் நுனியைச் சுருட்டினார், அவிழ்த்தார், திரும்பச் சுருட்டினார்.

"மாமா, நாடாவை ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?"

"வெயில்."

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதமாக இவருக்கு எதிலும் அக்கறையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காக வருத்தப்பட்டாள். குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

மேலே வாக்கி டாக்கி கரகரத்தது.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"இல்லை, வந்து… ரொம்ப நேரமாச்சு. அதான் கேட்டேன்." பொறியாளர் தொண்டையைச் செருமினார். "ரிசர்வ் ஆளை, அதான் உங்க கொழுந்தனை, மேல அனுப்பவா? உங்க பக்கத்துல வந்து நிக்கட்டும். உங்களுக்கு முடியலைன்னா லீவரைக் கை மாத்திக்கலாம்."

அக்கா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லை சார். பாட்டில்ல இன்னும் தண்ணி இருக்கு. குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"குடிக்கறீங்களா?" என்றார் பொறியாளர், நம்ப முடியாமல். பிறகு, "எதுக்கும் அவரை ஏறச் சொல்றேன். ரிசர்வ், எங்க இருக்கீங்க? லைன்ல வாங்க."

பதில் இல்லை.

"ரிசர்வ்?"

கீழே நின்று கிரேனுக்குக் கைகாட்டுகிற சிக்னல்காரர்தான் பேசினார். இரண்டு கரை, பாலத்தின் இரண்டு நுனி, பம்ப் ஆள், கூண்டு என்று எல்லோரும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், அவர் பாத்ரூம் போயிருக்கார்."

"மறுபடியுமா?"

"ஆமா சார். காலையிலேருந்து காப்பியாக் குடிச்சுக்கிட்டு இருக்கார். டென்ஷன் வேற. ஆனா இப்ப உள்ள போக முடியாம வெளிய நிக்கறார்."

"ஏன்?"

சிக்னல்காரர் தயங்கினார். "நீங்க போன தடவை போயிட்டு வந்து கதவைச் சாத்தினப்ப தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு சார்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பாலத்தின் தெற்கு நுனியிலா, வடக்கு நுனியிலா. பிறகு எல்லாப் பக்கமும் சிரித்தார்கள். பயந்தால் போகத் தோன்றும், காத்திருந்தாலும் தோன்றும், காப்பி குடித்தால் கேட்கவே வேண்டாம். கீழே தரையில் நின்றவர்கள் எல்லோரும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஓடாதவர் மேலே உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பெருஞ்சிரிப்பில் ஆபத்து உண்டு என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் ஆகவில்லை.

"சரி, சரி," என்றார் பொறியாளர். அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது. "ரிசர்வ் தேவையில்லை. அக்கா இருக்காங்க."

அதற்குப் பிறகு இன்னொரு தடவை வந்தது. அக்கா பம்ப் ஆளின் இடுப்பளவில் தொடங்கினார். பாதிச் சட்டை அளவு சொல்லி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

வெயில் கொஞ்சம் சாய்ந்தது. ஆற்றங்கரையில் நிழல் விழுந்தது. "இப்ப பாருங்க, மெதுவா," என்றது குரல். அக்கா லீவரை அசைத்ததைப் பார்த்தால் அசைத்த மாதிரியே தெரியாது. துண்டு ஒரு நூல் அளவு இறங்கியது. இன்னொரு நூல். நீளமாக ஒரு உரசல் சத்தம். பிறகு கனமான ஒரு சத்தம், ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது.

"உட்கார்ந்துடுச்சு. போல்ட் போகுது. எல்லா போல்ட்டும் போகுது."

கரையில் கூட்டம் கத்தியது. முன்பின் தெரியாதவர்கள் தையற்காரரின் முதுகில் தட்டினார்கள். "அது என் பொண்டாட்டி," என்று அவர் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "மேல உட்கார்ந்திருக்காளே, அது என் பொண்டாட்டி." மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா, கொக்கியைக் கழட்டியாச்சு. சீக்கிரம் இறங்கி வாங்க," என்றார் பொறியாளர். "தாழ்ப்பாளை உடைச்சாச்சு. உங்களுக்காக யாரையும் விடாம நிறுத்தி வச்சிருக்கோம்."

"கொக்கியை மேல ஏத்தி, எல்லாத்தையும் பூட்டிட்டு வர்றேன் சார். அவங்களை எல்லாம் போகச் சொல்லுங்க பாவம்."

அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதி ஏணியில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், ஒரு நொடி நின்றார். நின்று கீழே பார்த்தார். பிறகு இறங்கினார். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ கை தட்டினார். அக்கா ஓடவில்லை. சாயங்காலம் காற்று வாங்கப் போகிறவர் நடை அது.

பாத்ரூம் வாசலில், போகச் சொல்லியும் போகாமல், வரிசையில் முதல் ஆளாகக் கொழுந்தன் நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் ஒதுங்கினார்.

"நீங்க முதல்ல போங்க அண்ணி."

"நீ போ தம்பி. உன் முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு."

அவர் போகவில்லை. "அன்னைக்கு நான் சார்கிட்ட சொன்னது… பாரம் தொங்கும்போது உங்களுக்கு அப்படி ஆனா கீழ நிக்கறவங்க கதி என்னன்னு பயந்தேன். அது நிஜம். உங்க கூண்டு மேல எனக்கு ஒரு கண்ணும் இருந்துச்சு. அதுவும் நிஜம்தான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடினால் காலையில் இருந்த அளவுக்கு அது இல்லை. "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் அண்ணி."

"சரி, போ. காப்பியைக் குறை."

வரிசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த பிறகு பொறியாளர் கையை நீட்டினார். அடுத்த வேலை இதைவிட உயரமான கிரேன், கூண்டு அக்காவுடையது என்றார். அக்கா கையைக் குலுக்கினார், விடவில்லை.

"ஒரு விஷயம் சார். அடுத்த இடத்துல கிரேன் அடியிலயே ஒரு பாத்ரூம் வேணும். பொம்பளைங்களுக்குத் தனியா ஒண்ணு. நடுவுல இறங்கி வர்றதுக்கு நேரமும் ஒதுக்கணும். நாங்க தண்ணி குடிக்காம வேலை பார்க்கறோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது அக்கா," என்றார் பொறியாளர்.

"யாரும் சொல்றதில்லை. சொல்ல வெட்கம். நான் இப்ப சொல்லிட்டேன்."

"கட்டித் தர்றேன்," என்றார் அவர். "தாழ்ப்பாள் நல்லதாவே போடறேன்."

பொழுது சாயும் நேரத்தில் அக்காவும் தையற்காரரும் வீட்டுக்கு நடந்தார்கள். மருமகள் கப்பலில் இருக்கும் மகனுக்கு ஃபோனில் கதையைச் சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டாள். அவள் சொல்கிற கதையில் காற்று புயலாகவும், ஒரு விரல் கனம் ஒரு முழமாகவும் ஆகியிருந்தது. அக்கா கேட்டுச் சிரித்தார். தையற்காரர் சிரிக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"அந்த டாக்டரம்மா," என்றார். "ஆம்பளைங்களையும் பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்க. யாருக்கு?"

அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் திணித்தார்.

"என்னங்க, உங்களுக்கா?"

"ராத்திரில நாலு தடவை, அஞ்சு தடவை எழுந்துக்கறேன். போனாலும் சரியா வர்றதில்லை. நின்னுக்கிட்டே இருக்கணும். போன வருஷத்துலேருந்தே அப்படித்தான்."

"வாசல் கதவைப் பூட்டினோமான்னு பார்க்கப் போறேன்னு சொல்லுவீங்களே?"

"கதவெல்லாம் நல்லாத்தான் பூட்டியிருந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வயசானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று இவர் சொன்னது யாரைத் தேற்றிக்கொள்ள என்று இப்போதுதான் புரிந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தார். தையற்காரர் முந்திக்கொண்டார்.

"நீ இன்னைக்கு அத்தனை பேருக்கு நடுவுல நின்னு அந்தச் சார்கிட்ட பேசினே. நான் என் பொண்டாட்டிகிட்ட சொல்லக்கூட இத்தனை நாளா வெட்கப்பட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "காலைல நீ கிளம்பும்போது சொல்லலாம்னுதான் வந்தேன். இன்னைக்கு உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். இன்னைக்கு விடியக்காலம் சிவப்பாப் போச்சு. ரத்தம் மாதிரி."

அக்கா பேசிக்கொண்டே வாசலில் கழற்றியிருந்த பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கயிற்றை இறுக்கிக் கட்டினார். டாக்டரம்மா தெருவில் கடைகள் அடைக்கிற நேரம் வரைக்கும் கிளினிக்கில் இருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

"அத்தை, எங்க?" என்று மருமகள் உள்ளேயிருந்து ஃபோனோடு எட்டிப் பார்த்தாள்.

"நீ சோத்தை வச்சிடு," என்றார் அக்கா. கணவரின் கையை, காலையிலிருந்து லீவரைப் பிடித்துக்கொண்டிருந்த கையால், கெட்டியாகப் பிடித்தார். "நடங்க. நான் இருக்கேன்."